விலை குறைந்த ஃபிளாட், பெயர் கெட்ட ஏரியா

சென்னையில் 40 லட்சத்தை ஒட்டி ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போடுகிறவரை, அந்தத் தொகையே சில ஏரியாக்கள் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். தெற்கே பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, தாழம்பூர். தாம்பரம் தாண்டினால் முடிச்சூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. மேற்கே ஆவடி, பட்டாபிராம். வடக்கே கொடுங்கையூர், மணலி. இவற்றில் சில பெயர்களை வீட்டில் சொல்லிப் பாருங்கள், உடனே கேள்வி வரும்: "அந்த ஏரியாவா? சேஃபா இருக்குமா?"

கேள்வியில் தப்பில்லை. ஆனால் கேட்பவர் தானே அங்கே போய்க் குடியிருக்கப் போவதாக நினைத்துக்கொண்டு கேட்கிறார். குடியிருக்கப் போவது வேறு ஆள். துரைப்பாக்கத்தில் ஷிஃப்ட் முடிந்து இரவு பத்தரைக்குத் திரும்பும் நர்ஸாக இருக்கலாம், மறைமலை நகர் கம்பெனிக்குப் போகும் டெக்னீஷியனாக இருக்கலாம். ஏரியாவுக்கு ஊரில் என்ன பெயர் என்பதைவிட, பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டு கேட் வரைக்கும் உள்ள அரை கிலோமீட்டர் எப்படி இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குப் பெரிது. வாடகைக்காக வாங்குபவர் எடைபோட வேண்டிய பாதுகாப்பும் அதுவே. பெயரைக் கேட்டுப் பயந்து ஓடுகிறவர்களும், விலையைக் கேட்டு மயங்கி வாங்குகிறவர்களும் இந்த அரை கிலோமீட்டரை நடந்து பார்ப்பதில்லை.

முதலில் பணக் கணக்கு. ஏரியாவின் கெட்ட பெயர் விலையை அடிக்கிற அளவுக்கு வாடகையை அடிப்பதில்லை. காரணம் எளிது. விலையைத் தீர்மானிப்பவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தோடு குடியேற வாங்குகிறவர்கள். வீட்டு முகவரி கல்யாணப் பத்திரிகையில் வரும், சம்பந்தி வீட்டார் வந்து பார்ப்பார்கள் என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் உண்டு. வாடகைக்கு வருபவர் பார்ப்பது வேலைக்கு எவ்வளவு தூரம், தண்ணீர் வருமா, அட்வான்ஸ் எவ்வளவு என்பதை. இரண்டு மூன்று வருடத்தில் காலி செய்துவிட்டுப் போகிறவருக்கு முகவரி பெரிய விஷயமில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். ஓஎம்ஆரை (பழைய மகாபலிபுரம் சாலை) ஒட்டிய நல்ல பெயருள்ள இடத்தில் ஃபிளாட் 65 லட்சம், வாடகை 18,000. சற்று உள்ளே, பெயர் கெட்ட பகுதியை ஒட்டி அதே அளவு ஃபிளாட் 42 லட்சம், வாடகை 13,500. முதலாவது ஆண்டுக்குச் சுமார் 3.3 சதவீதம் தருகிறது. இரண்டாவது 3.9 சதவீதத்தை நெருங்குகிறது. ஆக, மலிவான ஃபிளாட்தான் லாபம் என்று தோன்றும். இப்போது இரண்டாவது ஃபிளாட் வருடத்தில் இரண்டு மாதம் காலியாகக் கிடந்தது என்று வையுங்கள். கையில் வந்த வாடகை 1,35,000. அது 3.2 சதவீதம். முதல் ஃபிளாட்டுக்கும் கீழே போய்விட்டது.

கெட்ட பெயரால் கிடைத்த தள்ளுபடி முழுவதையும் இரண்டே மாதக் காலி தின்றுவிடுகிறது. ஆகவே முதலீட்டாளருக்குப் பாதுகாப்பு என்பது காலி மாதங்களாகத்தான் கணக்கில் வந்து நிற்கும். இருட்டான தெரு, கீழ்த்தளத்தில் ஏறும் தண்ணீர், வாசலில் குடித்துவிட்டு நிற்கும் கும்பல் எல்லாமே கடைசியில் "சார், அடுத்த மாசம் காலி பண்றோம்" என்ற ஒரு போன் அழைப்பாக வந்து சேரும்.

விற்கும்போது இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது உங்களுக்குத் தள்ளுபடி வாங்கித் தந்த அதே பெயர், விற்கும்போது உங்களிடமிருந்து தள்ளுபடி கேட்கும்.

பெயர் எப்படிக் கெடுகிறது என்பதற்குக் கண்ணகி நகரைவிட நல்ல உதாரணம் சென்னையில் கிடையாது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி, கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் இருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் குடிசை மாற்று வாரியம் அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தியது. பக்கத்திலேயே எழில் நகர். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. அப்புறம் பெரும்பாக்கத்தில் எட்டு மாடித் தொகுதிகள், 2015 வெள்ளத்துக்குப் பின் அங்கே இன்னும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள். கண்ணகி நகர், எழில் நகர் இரண்டிலும் சேர்த்து மட்டுமே இருபதாயிரத்துக்கும் மேல் வீடுகள். வேலை நகரத்தின் நடுவில் இருந்தது, வீடு ஊருக்கு வெளியே போனது. பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் மெதுவாக, பின்னால் வந்தன. வேலை இழந்த இளைஞர்களும் நெருக்கடியான ஒற்றை அறைகளும் ஒரே இடத்தில் குவிந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. செய்தித்தாள்கள் ஊர்ப் பெயரோடு சேர்த்துக் குற்றச் செய்தி போட்டன. வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் முகவரியை மாற்றிச் சொல்ல வேண்டிய நிலை வந்தது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத் தலைவி கார்த்திகா கண்ணகி நகர்க்காரர். அவர் வந்து இறங்கிய நாட்களில் கண்ணகி நகர் என்ற பெயர் வேறு காரணத்துக்காகப் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. அதனால் சதுர அடி விலை ஏறிவிடாது, அது வேறு. ஓஎம்ஆரின் ஐடி கட்டடங்களைக் கூட்டித் துடைப்பவர்கள், அங்குள்ள வீடுகளில் சமைப்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள் எல்லாம் இந்தக் குடியிருப்புகளில் இருந்துதான் வருகிறார்கள். வாங்குபவர் பயப்படுகிற "அந்த ஜனங்கள்" ஏற்கெனவே அவர் வீட்டு அடுப்படியில் நிற்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாரிய வீட்டையே "பவர் பத்திரம் போட்டுத் தருகிறோம், எட்டு லட்சம் போதும்" என்கிற மாதிரிப் பேச்சு காதில் விழும். ஒதுக்கீடு பெற்றவர் பெயருக்கு வாரியம் கிரயப் பத்திரம் தராதவரை அதை விற்க அவருக்கு உரிமை இல்லை. அதை வாங்குவது முதலீடே இல்லை, நாளைக்கு யாரிடமும் புகார் கொடுக்க முடியாதபடி பணத்தைக் கொடுத்துவிட்டு வருவது. நான் பேசுவது இந்தக் குடியிருப்புகளை ஒட்டிக் கட்டப்பட்ட தனியார் அடுக்குமாடிகளைப் பற்றி. விளம்பரத்தில் அவற்றைக் கண்டுபிடிப்பது சுலபம். கட்டடம் இருக்கும் ஊரின் பெயர் இருக்காது, "மேடவாக்கம் அருகே", "ஓஎம்ஆரிலிருந்து பத்து நிமிடம்" என்று இருக்கும்.

சரி, நல்ல பெயருள்ள இடம் என்றால் நிம்மதியா? சிறுசேரி சிப்காட் ஐடி பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கட்டடங்கள், வாசலுக்கு வாசல் செக்யூரிட்டி. 2014 பிப்ரவரியில் அங்கே ஓர் இளம் பெண் ஊழியர் இரவு வேலை முடித்துத் தனியாக நடந்து கிளம்பினார். பல நாள் கழித்து அதே வளாகத்தின் புதர் மண்டிய பகுதியில் அவர் உடல் கிடைத்தது. அலுவலகத்துக்குள் அடையாள அட்டை இல்லாமல் யாரும் நுழைய முடியாது. அலுவலகத்துக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் இடையில் விளக்கும் இல்லை, ஆளும் இல்லை. அதற்குப் பிறகுதான் விளக்கு, ரோந்து, கேமரா என்ற பேச்சு எழுந்தது. 2016-இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை வேளையில் ஒரு பெண் கொல்லப்பட்டபோதும் பிளாட்பாரத்தில் கேமரா இல்லை என்பது தெரிய வந்தது. நுங்கம்பாக்கத்தை யாரும் கெட்ட ஏரியா என்று சொன்னதில்லை.

குற்றம் ஏரியா முழுக்கச் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் போலீசுக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்து 1989-இல் வெளியான ஓர் ஆய்வு, ஊரிலுள்ள முகவரிகளில் சுமார் 3 சதவீத இடங்களில் இருந்தே பாதி அழைப்புகள் வந்தன என்று காட்டியது. பிறகு வேறு பல நகரங்களில் செய்த ஆய்வுகளும் இதே போக்கைத்தான் கண்டன. ஒரு முனை, ஒரு பார், ஒரு பாழடைந்த கட்டடம். அந்த முனைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் இருக்கிறது விஷயம்.

அந்த முனையைக் கண்டுபிடிக்க நம் ஊரில் வரைபடம் எதுவும் கிடையாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை சென்னை என்று மொத்தமாக ஓர் எண் தரும், தெருவுக்குத் தெரு தராது. ஆனால் பலர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்ற சில வகைகளுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் இணையதளத்தில் காவல் நிலையம் வாரியாக எஃப்ஐஆர் தேடலாம். அதில் சம்பவ இடமும் இருக்கும். எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். புகார் வாங்கும் நிலையத்தில் வழக்கு அதிகம் பதிவாகும். வழக்குப் பதியாமல், புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சிஎஸ்ஆர் ரசீதோடு நிறுத்திவிடும் நிலையம் தாளில் சுத்தமாகத் தெரியும். என்ன வகை வழக்கு என்று பாருங்கள். தெரிந்தவர்களுக்குள் குடும்பத் தகராறு, பழைய பகை என்றால் உங்கள் வாடகைதாரரைத் தொடப் போவதில்லை. பூட்டிய வீட்டில் திருட்டு, செயின் பறிப்பு, பைக் திருட்டு ஒரே தெருப் பெயரில் திரும்பத் திரும்ப வந்தால் அது தொடும்.

டாஸ்மாக் எங்கே இருக்கிறது என்பதையும் கூகுள் மேப்பை நம்பாமல் நேரில் பாருங்கள். மாநகராட்சி எல்லைக்குள் பள்ளி, வழிபாட்டுத் தலம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் அபார்ட்மென்ட் கேட்டுக்கு அப்படி ஒரு மீட்டரும் கிடையாது. கடை இரவு பத்து மணிக்கு மூடும். பத்திலிருந்து பத்தரை வரை அந்த வழியாக ஒரு பெண் நடந்து வர முடியுமா என்பதுதான் கேள்வி. புரோக்கர் வீடு காட்டுவது எப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான்.

வேலை நாளில், இரவு ஒன்பதரைக்கு, பஸ் ஸ்டாப்பில் இறங்கி வீடு வரைக்கும் நடங்கள். மனைவியோ தங்கையோ கூட வந்தால் இன்னும் நல்லது, நம் கண்ணில் படாதது அவர்கள் கண்ணில் படும். விளக்குக் கம்பங்களை எண்ண வேண்டாம், எரிகிறவற்றை மட்டும் எண்ணுங்கள். டிபன் கடை, மெடிக்கல் ஷாப், பஞ்சர் கடை ஏதாவது திறந்திருக்கிறதா? கடை திறந்து உட்கார்ந்திருப்பவர் தருகிற காவலை ஒரு கேமராவால் தர முடியாது. தெருவில் காலி மனை எத்தனை, அவற்றில் கருவேலம் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள். சைக்கிளைச் செயின் போட்டுக் கட்டியிருக்கிறார்களா, வாசலுக்கு வெளியே செருப்பு கிடக்கிறதா? ஒரு மாடி முழுக்க எல்லா வீட்டிலும் செருப்பு ஸ்டாண்டை உள்ளே தள்ளியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். டூலெட் போர்டைப் பாருங்கள். புது அட்டை என்றால் கவலையில்லை. போன் நம்பர் வெயிலில் வெளுத்து, அதன் மேலேயே பேனாவால் மறுபடி எழுதியிருந்தால் அந்தக் கட்டடத்தில் காலி மாதங்கள் எத்தனை என்று புரோக்கரைக் கேட்கத் தேவையில்லை.

விசாரிக்க வேண்டிய ஆள் செக்யூரிட்டி இல்லை. அவர் சங்கத்துக்குப் பயந்து நல்லதே சொல்வார். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் நான்கு சட்டை கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். எந்த வீட்டில் யார், எப்போது வந்தார்கள், ஏன் காலி செய்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். துணி எடுக்க வாசல் வரை போகிறவர் அவர்.

அவரிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: "மழைக்குத் தண்ணி நிக்குமா?" சென்னையில் தண்ணீரும் பாதுகாப்புக் கணக்கில்தான் வருகிறது, திருடனைவிடப் பெரிய கணக்கில். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் படகு வைத்து ஆட்களை மீட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுற்றிக் கட்டியதெல்லாம் தண்ணீரின் இடத்தில் கட்டியது என்பதை அங்கே குடியிருப்பவர்களே ஒப்புக்கொள்வார்கள். விலை குறைவுக்கு மக்கள் காரணமா மண் காரணமா என்று பிரித்துப் பார்க்க இதுதான் இடம். மக்களைப் பற்றிய பயம் பத்து வருடத்தில் மாறலாம். பள்ளம் மாறாது.

"கொஞ்சம் நிக்கும்" என்று பதில் வந்தால் முழங்கால் அளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். "அந்த ஒரு வருஷம்தான்" என்றால் இடுப்பளவு. ஆளைக் கேட்காமலே கட்டடமும் சொல்லும். ஈபி மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி மாட்டியிருக்கிறார்களா? அக்கம்பக்கத்துப் பழைய வீடுகளின் வாசற்படி ரோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா? கார் பார்க்கிங் சுவரில் இரண்டடி உயரத்துக்கு மட்டும் புதுப் பெயின்டா? ஒருமுறை தண்ணீர் ஏறிய கட்டடத்தில் கீழ்த்தளம் மட்டும் காலியாவதில்லை. லிஃப்ட் மோட்டார் போய், சம்ப்பில் சாக்கடை கலந்து, மூன்று நாள் கரன்ட் இல்லாமல் இருந்த மூன்றாவது மாடிக் குடும்பமும் அடுத்த செப்டம்பருக்குள் இடம் தேடும்.

வாங்கிய பிறகு உரிமையாளர் கையிலும் சில விஷயம் இருக்கிறது. 2012-இல் வேளச்சேரி வாடகை வீட்டில் தங்கியிருந்த வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்களைப் போலீஸ் சுட்டுக்கொன்ற என்கவுன்டருக்குப் பின், வாடகைக்கு வருவோரின் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று சென்னைக் காவல்துறை உத்தரவிட்டது. நிறைய உரிமையாளர்கள் இதைச் செய்வதே இல்லை. விளக்கு போடுவது, கேட்டுக்கு வெளியேயும் பார்க்கிற மாதிரி ஒரு கேமரா வைப்பது எல்லாம் ஒரு மாத வாடகைக்குள் முடிகிற காரியம். சங்கத்தில் பேசி வாங்கிவிடலாம்.

ஆனால் 'பாதுகாப்பு' என்று சொல்லிக்கொண்டு நம் ஊரில் நடக்கிற வேறொரு வேலையும் இருக்கிறது. பேச்சுலர் கிடையாது, அசைவம் கிடையாது, தனியாக இருக்கும் பெண் கிடையாது. வீடு கேட்டு வருகிறவர் பாய் என்றால் "இப்பதான் வேற ஆள் அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க". இதற்கும் திருட்டு பயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது அநியாயம் என்பது ஒருபுறம், கணக்காகவும் முட்டாள்தனம். காலி மாதம்தான் எதிரி என்று பார்த்தோம். வருகிற பத்துப் பேரில் ஏழு பேரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர் அந்த எதிரிக்குத் தானே கதவைத் திறந்துவிடுகிறார். நல்ல பெயருள்ள ஏரியாவில் இந்த வீம்பு தாங்கும். 42 லட்ச ஃபிளாட்டில் தாங்காது.

நடந்து பார்த்து, தண்ணீர் விசாரித்து, பெயரைத் தவிர வேறு குறை இல்லை என்று தெரிந்தால் கடைசியில் விலை பேச வேண்டும். விற்பவர் சொல்லும் சதுர அடிக் கணக்கிலிருந்து தொடங்காதீர்கள். வாடகையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். அதே 13,500. வருடத்துக்கு ஒரு மாதம் காலி என்று வைத்து 11 மாதம், 1,48,500. சொத்து வரி, பெயின்ட், பிளம்பர், காலி மாத மெயின்டனன்ஸ் என்று 15,000 போக 1,33,500. உங்களுக்கு 3.5 சதவீதமாவது வேண்டும் என்றால், மொத்தமாகப் போடக்கூடிய பணம் சுமார் 38 லட்சம். வங்கி டெபாசிட் இதைவிடக் கூடுதலாகவே தரும் என்பதை மறக்க வேண்டாம். மிச்சத்தை நில மதிப்பு ஈடுகட்டும் என்ற நம்பிக்கையில்தான் ஃபிளாட் வாங்குகிறோம், ஆகவே யூடிஎஸ், அதாவது நிலத்தில் உங்கள் பிரிக்கப்படாத பங்கு, எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 38 லட்சத்துக்குள்ளேயே முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதமும் அடங்க வேண்டும். அப்படியானால் விற்பவரிடம் சொல்ல வேண்டிய விலை 35 லட்சம். 42 கேட்பவர் முதல் நாள் சிரிப்பார். பெயர் கெட்ட ஏரியாவில் ஃபிளாட்டை வைத்துக்கொண்டு அவருக்கும் வேறு ஆள் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை, இரண்டு மாதம் கழித்துப் புரோக்கரே மறுபடி கூப்பிடுவார்.